பதினோராவது கேள்வி

கொண்டாப்பூர்
5 மார்ச் 2012

திரு. ஆரோக்கியசாமி அவர்களுக்கு,

இதை எழுதுவது ஸ்டெல்லா. எட்டு வருடம் கழித்து எழுதுகிறாளே, மனசு இளகிவிட்டதோ என்று நினைத்துவிட வேண்டாம். இது வேலை விஷயம்.

நான் இப்போது இங்கே ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறேன். எந்தத் திட்டம் போட்டால் துப்பாக்கிச் சாவு குறைகிறது, எது வெறும் சுற்றறிக்கையோடு நின்றுபோகிறது என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. இந்த முறை எங்களிடம் வந்திருப்பது நீங்கள் வேலை பார்த்த செக்யூரிட்டி ஏஜென்சி. பட்டாளத்திலிருந்து வந்த, சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் உள்ள ஆட்களை பேங்க் வாசலில் நிறுத்துகிறார்களே, அவர்கள்தான்.

2004 ஜனவரியில் எல்லாக் காவலர்களிடமும் அவர்கள் ஒரு சீட்டு கொடுத்தார்கள். ட்யூட்டி முடிந்ததும் துப்பாக்கியை பேங்க் லாக்கர் அறையிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போவதா, வீட்டுக்குக் கொண்டுபோவதா? ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும். ஏறக்குறைய பாதிப் பேர் பூட்டிவிட்டுப் போனார்கள். மீதிப் பேர் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அந்த எட்டு வருடத்தில் பூட்டிவிட்டுப் போனவர்கள் வீட்டில் துப்பாக்கியால் ஒரு சாவும் இல்லை. கொண்டுபோனவர்கள் வீட்டில் மூன்று. முதல் சாவின் பெயர் ராஜம். உங்கள் மனைவி.

அப்படியென்றால் எல்லோரும் லாக்கர் அறையில் வைக்க வேண்டியதுதானே என்று தோன்றும். ஏஜென்சி ஒப்புக்கொள்ளவில்லை. பேங்க் மேனேஜர்களோடு மல்லுக்கட்ட அவர்களுக்கு இஷ்டமில்லை. "மூன்று பேரும் குடித்திருந்தார்கள் அம்மா. வாசலில் ஒரு ஊதுகிற பெட்டி, குடித்திருந்தால் காட்டிக்கொடுப்பது, வைத்துவிட்டால் போதும், குடித்தவன் கையில் துப்பாக்கி போகாது" என்கிறார்கள். எங்கள் தலைவர் டாக்டர் ரகுநாதன், சுட்டவர்களையே கேட்டுவிடலாம் என்றார். மற்ற இருவரும் பதில் எழுதிவிட்டார்கள். நீங்கள்தான் பாக்கி.

தமிழ்ப் படிவம் இணைத்திருக்கிறேன். நிரப்பி அனுப்புங்கள். எழுதுபவர் பெயரும் பதிலும் யாருக்கும் வெளியிடப்படாது என்று மேலே அச்சிட்டிருக்கிறது. நான் உங்கள் மகள் என்பது ரகுநாதனுக்குத் தெரியாது.

ஸ்டெல்லா


சிறைச்சாலை
19 மார்ச் 2012

என் மகள் ஸ்டெல்லாவுக்கு நைனா எழுதிக்கொள்வது,

அடேங்கப்பா! எட்டு வருஷத்தில் வந்த முதல் கடிதத்தில் எனக்கு "திரு" போட்டிருக்கிறாய். இங்கே வார்டர் என்னை "ஏய் சாமி" என்றுதான் கூப்பிடுகிறான். உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நாலு நாள் பவுசாகத் திரிந்தேன்.

வருகிற கடிதத்தையெல்லாம் ஆபீசில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். ஆனால் அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவன் ஒருத்தன் இல்லை. கிளார்க் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "க்யா லிக்கா ஹை?", என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். மகளுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்றேன். முத்திரை குத்திக் கொடுத்துவிட்டான். நான் எழுதுவதும் அப்படித்தான் போகும்.

படிவத்தை நிரப்பிவிட்டேன். பதினோராவது கேள்வி, சுடும்போது குடித்திருந்தீரா என்பதற்கு "ஆம், மூக்கு முட்ட" என்று எழுதியிருக்கிறேன். கோர்ட்டில் வக்கீல் அதைச் சொல்லித்தான் என்னைத் தூக்கிலிருந்து தப்பவைத்தார். ஒன்பதாவது கேள்வி, துப்பாக்கி வீட்டுக்கு வரட்டும் என்று முடிவு செய்தவர் யார் என்பதை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். ஏன் என்று உனக்கே தெரியும்.

இனி என் விஷயம். ஆகஸ்ட் பதினைந்துக்கு விடுதலைப் பட்டியல் போடுகிறார்கள். குடிவெறியில் செய்துவிட்டான், உள்ளே வந்த பிறகு ஒழுங்காக இருக்கிறான் என்று என் பெயரும் அதில் ஏறியிருக்கிறது. செத்தவளின் பிள்ளைகளுக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வேண்டும். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப் வாசலிலேயே வைத்து உன் அண்ணன் எட்வின் மூன்று நிமிஷத்தில் போட்டுக் கொடுத்தானாம். அதிகாரி உன்னிடமும் வருவார். போட்டுவிடு. எனக்கு இப்போதெல்லாம் மூச்சு இழுக்கிறது. மாசத்தில் பத்து நாள் ஆஸ்பத்திரி வார்டில்தான் கிடக்கிறேன். இங்கே சாக எனக்கு இஷ்டமில்லை.

நைனா


கொண்டாப்பூர்
2 ஏப்ரல் 2012

திரு. ஆரோக்கியசாமி அவர்களுக்கு,

அதிகாரி வந்தார். நல்ல மனிதர், தெலுங்குக்காரர். டீ கொடுத்தேன். யோசித்துச் சொல்கிறேன், அடுத்த மாதம் இருபதாம் தேதி வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். ஆகவே உங்கள் ஆகஸ்ட் பதினைந்து என் பேனாவில் இருக்கிறது.

பதினோராவது கேள்விக்கு நீங்கள் எழுதியிருப்பது பொய்.

அன்று நான் காலேஜிலிருந்து வந்தபோது போவன்பள்ளி வீட்டு வாசலில் தெருவே நின்றது. உங்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் உங்கள் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். உங்கள் முகம் என் முகத்துக்கு அத்தனை பக்கத்தில் இருந்தது. பிறந்ததிலிருந்து அந்த வாசனையில் வளர்ந்தவள் நான். அன்று உங்கள் வாயில் ஒன்றுமே இல்லை. மறுநாள்தான் உங்களுக்கு ரத்தம் எடுத்தார்கள். அதற்குள் உங்கள் வக்கீல் கதை கட்டிவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நானே எழுதிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். முடியாது. கணக்கெடுப்பவளே சாட்சி சொல்ல முடியாது. உங்கள் கையால் வர வேண்டும்.

ஏன் இத்தனை பாடு என்று சொல்கிறேன். மற்ற இரண்டு பேரும் குடித்திருந்தார்கள், டாக்டர் சான்று இருக்கிறது. நீங்களும் குடித்திருந்தீர்கள் என்றால் ஊதுகிற பெட்டி வைத்திருந்தால் செத்த மூன்று பேருமே பிழைத்திருப்பார்கள் என்று ஆகிறது. பெட்டிதான் வரும். குடிக்காதவன் எல்லாம் துப்பாக்கியோடு வீட்டுக்குப் போவான். ஒருத்தனாவது தெளிவாக இருந்தபடி சுட்டான் என்றால் பெட்டியால் பிரயோஜனம் இல்லை, அறுபத்திரண்டு கிளைகளிலும் லாக்கர் அறைதான் என்று எழுதிவிடுகிறேன் என்கிறார் ரகுநாதன்.

உண்மையை எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். ஒன்பதாவதையும் காலியாக விட வேண்டாம். நீங்கள் எனக்குப் பிச்சை போட்ட மாதிரி இருக்கிறது.

ஸ்டெல்லா


சிறைச்சாலை
20 ஏப்ரல் 2012

ஸ்டெல்லா,

பெற்ற அப்பனிடம் பேரம் பேசுகிறாய். பேஷ். உன் அம்மாவுக்குக்கூட இந்தச் சாமர்த்தியம் கிடையாது.

ஒன்பதாவது வேண்டுமா? எழுதிக்கொள். நீ.

சீட்டு இங்கிலீஷில் இருந்தது. என்னால் படிக்க முடியாது என்று உன்னிடம் கொடுத்தேன். "வாணாம் பொண்ணே, பேங்க்லயே வெச்சிட்றேன். சைக்கிள்ல தூக்கினு வர்றதுக்கு தோள் பிச்சினு போவுது" என்று என் வாயாலேயே சொன்னேன். நீ தலையை ஆட்டினாய். நான் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் மேனேஜர் ஜெயராம், "என்ன சாமி, வீட்டுக்கே கொண்டுபோறேன்னு எழுதிட்டியே" என்று சிரித்தபோதுதான் தெரிந்தது. படித்த பிள்ளை ஏதோ யோசித்துத்தான் போட்டிருப்பாள் என்று நானும் விட்டுவிட்டேன்.

இதைப் போலீசிடம் சொன்னேனா? கோர்ட்டில் சொன்னேனா? எட்வினிடம்? எட்டு வருஷம் என்னை வந்து பார்க்காத மகளே, எட்டு வருஷமும் இதை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தேனே தவிர துப்பவில்லை. இப்போது துப்புகிறேன். உன் அம்மா செத்ததில் பாதி உன் டிக்.

பதினொன்றுக்கு என் பதில் எழுதியது எழுதியதுதான். குடித்திருந்தேன். வேறு எழுதினால் பட்டியலிலிருந்து என்னை அடித்துவிடுவார்கள் என்று தெரிந்துதானே கேட்கிறாய்? நக்கோ, முடியாது. வேறு ஆளைப் பார்.

நைனா


கொண்டாப்பூர்
3 மே 2012

நைனா,

பாதி என்று எழுதினீர்களே, அதற்கு நன்றி. நான் இத்தனை நாளும் முழுசும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிக் போட்டது நான்தான். போடச் சொன்னது அம்மா. அது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் சீட்டைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனீர்கள். அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்து என் காதில் சொன்னாள்: "வூட்டுக்கே வரட்டும்டி. அது தோள்ல இருந்தா ஒயின்ஸ் கடையில உள்ள சேக்க மாட்டான். குடிச்சிட்டு துப்பாக்கியோட மாட்டினா லைசென்ஸ் போயிடும்னு அந்த ஆளுக்கு உசிரு நடுங்கும். அது ஒண்ணுதான் அவருக்கு பயம். போடு."

போட்டேன். அவள் சொன்னபடியே நடந்தது. ஜனவரியிலிருந்து மே வரைக்கும் நீங்கள் ஒரு நாள்கூடக் குடிக்கவில்லை. ஈஸ்டருக்கு அம்மா தெருவுக்கெல்லாம் பாயசம் கொடுத்தாள். நீங்கள் அவளை அடிக்காமல் இருந்த நாலு மாதம் அது. என் வாழ்க்கையிலேயே அந்த நாலு மாதம்தான் நான் பயமில்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

அதனால்தான் உங்கள் பதில் பொய் என்று அடித்துச் சொல்கிறேன். துப்பாக்கி வீட்டில் இருந்ததால்தான் நீங்கள் குடிக்கவில்லை. குடியை நிறுத்த அம்மா கண்டுபிடித்த வைத்தியம் அது. அவளிடம் வேறு என்ன இருந்தது, சொல்லுங்கள்?

இருபதாம் தேதி அதிகாரி வருவார். உங்கள் ஆபீசில் தமிழ் யாருக்கும் தெரியாது என்று நீங்களே எழுதினீர்கள். அப்புறம் என்ன பயம்? எனக்கு எழுதுங்கள். எழுதினால் கையெழுத்து உண்டு. என் பேச்சு பேச்சுதான்.

ஸ்டெல்லா


சிறைச்சாலை
12 மே 2012

ஸ்டெல்லாவுக்கு,

நைனா என்று எழுதியிருந்தாய். அதை நாலு தடவை படித்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். உன் பேரத்துக்காக என்று நினைக்காதே. சரி, அதற்காகவும்தான்.

போடச் சொன்னது ராஜம் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அவள் என்ன செய்தாள் என்பது உனக்குத் தெரியாது. நீ காலேஜிலிருந்து வர ராத்திரி ஆகிவிடும். அந்த நாலு மாசமும் சாயந்தரம் ஆறு மணி அடித்ததும் நான் நாற்காலியில் உட்காருவேன். அவள் துப்பாக்கியை எடுத்து வந்து என் மடியில் குறுக்காக வைப்பாள். "புடிச்சினு குந்து. எங்க போறே பாக்கலாம்" என்பாள். சோறு போடுகிற வரைக்கும் எடுக்க மாட்டாள். நான் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நாக்கு வறண்டு உடம்பெல்லாம் எறும்பு ஊறும். எட்டு மணிக்கு மேல் கொஞ்சம் அடங்கும். மறுநாளும் ஆறு மணி வரும்.

அன்றைக்குப் பக்கத்து வீட்டு சாந்தா வந்திருந்தாள். ராஜம் அவளிடம் என்னைக் காட்டி, "பாரு, எப்டி குந்தினு கீறாரு. கழுத்துல கட்டை கட்டின மாடு மாதிரி" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சாந்தா போய்விட்டாள். ராஜம் அதற்கப்புறமும் அரிசி களைந்துகொண்டே தனக்குத்தானே சிரித்தாள். சந்தோஷமாக இருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தோட்டா என் சட்டைப் பையில் இருந்தது, காலை ட்யூட்டிக்கு எடுத்துப் போனது. போட்டேன். சத்தம் கேட்டு, "இன்னா பண்றே?" என்றாள். பயந்து கேட்கவில்லை. சும்மா கேட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு சொட்டு குடிக்கவில்லை. கை நடுங்கவில்லை. குடித்திருந்தால் குறி தப்பியிருக்கும்.

பதினோராவது கேள்விக்குப் பதில்: இல்லை. கையெழுத்தும் போட்டுப் பெருவிரலும் வைத்திருக்கிறேன். இதை நான் பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம்கூடச் சொன்னதில்லை. உனக்குச் சொல்லிவிட்டேன். கையெழுத்தைப் போட்டுவிடு, கண்ணு.

உன் நைனா


கொண்டாப்பூர்
24 மே 2012

திரு. ஆரோக்கியசாமி அவர்களுக்கு,

இரண்டு வேலையும் முடிந்தது.

பதினோராவது கேள்விக்கு "இல்லை" என்று ஏற்றிவிட்டேன். ரகுநாதன் அதை இரண்டு தடவை படித்தார். லாக்கர் அறைதான் என்று அறிக்கை எழுத ஆரம்பித்துவிட்டார்.

இருபதாம் தேதி அதிகாரி வந்தார். எனக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் பேச்சு பேச்சுதான் என்று சொல்லியிருந்தேன் அல்லவா?

கூடவே உங்கள் கடிதத்தின் நகலையும் அதன் தெலுங்கு மொழிபெயர்ப்பையும் கொடுத்தேன். மொழிபெயர்ப்பு நானே செய்ததுதான், இரண்டு நாள் பிடித்தது. கட்டை கட்டின மாட்டுக்குத் தெலுங்கில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, அதிகாரியே எடுத்துக் கொடுத்தார். "குறி தப்பியிருக்கும்" என்ற வரிக்கு அவர் சிவப்பு மையில் கோடு போட்டார். படித்து முடித்ததும் டீயைக் குடிக்காமல் எழுந்துவிட்டார்.

தமிழில் எழுதினால் யாருக்கும் தெரியாது என்று நம்பினீர்கள். எனக்குத் தெரியுமே. அம்மாதான் சொல்லிக்கொடுத்தாள்.

அவள் சிரித்தது தாங்கவில்லையாம். நீங்கள் அங்கேயே கிடந்து சாகுங்கள்.

ஸ்டெல்லா


கொண்டாப்பூர்
11 நவம்பர் 2012

நைனாவுக்கு,

ஆகஸ்ட் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை என்று எட்வின் சொன்னான். அவன் என்னோடு பேசியது அன்றைக்குத்தான் கடைசி. "நீயும் அவரும் ஒரே ரத்தம்" என்றான்.

வேறு யாரிடமும் சொல்ல முடியாததால் உங்களுக்கு எழுதுகிறேன். என்ன கூத்து பாருங்கள்.

அந்தக் கடிதம் நிஜம்தானா என்று விசாரிக்க அதிகாரி எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்திருக்கிறார். ரகுநாதன் என்னைக் கூப்பிட்டார். அவர் உங்களைப் பற்றியோ அம்மாவைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. படிவத்தின் மேல் அச்சிட்டிருந்த வரியைக் காட்டி, "வெளியிட மாட்டோம் என்று இவருக்கு வாக்குக் கொடுத்தது யார்?" என்று மட்டும் கேட்டார். நான் என்றேன். உங்கள் படிவத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். விடுதலை தருகிறேன் என்று ஆசை காட்டி வாங்கிய பதில், அதுவும் மகள் வாங்கியது, செல்லாது என்றார். என்னையும் அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார். அவர் செய்தது சரி. அதில் எனக்குச் சண்டை இல்லை.

மிச்சம் இரண்டு சாவு. இரண்டுமே குடித்தவர்கள் செய்தது. ஏஜென்சிக்கு அது போதுமாக இருந்தது. அறுபத்திரண்டு கிளைகளிலும் ஊதுகிற பெட்டி வைத்துவிட்டார்கள். தேங்காய் உடைத்து, சந்தனம் வைத்துத் திறந்தார்களாம். பெட்டி வந்த பிறகு லாக்கர் அறை எதற்கு என்று மேனேஜர்கள் கேட்க, இத்தனை வருடம் அங்கே பூட்டிவைத்தவர்களையும் வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல்லிவிட்டார்கள். அம்மா போடச் சொன்ன டிக்கை இப்போது எல்லோருக்கும் நான் போட்டுவிட்டேன்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் போதும். உங்களை விட்டிருப்பார்கள், துப்பாக்கிகளைப் பூட்டியிருப்பார்கள். எனக்கு நீங்கள் உள்ளே இருப்பதுதான் பெரிதாக இருந்தது. அந்த மொழிபெயர்ப்பைச் செய்த இரண்டு நாளும் நான் எத்தனை சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? பாட்டுக்கூடப் பாடினேன்.

பதில் எழுத வேண்டாம்.

ஸ்டெல்லா


சிறைச்சாலை
17 பிப்ரவரி 2013

ஸ்டெல்லா,

எழுதாதே என்றாய். நீ சொன்னதைக் கேட்டு நான் பட்டது போதும்.

என் பெயரை அடித்ததும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அப்புறம் பழகிவிட்டது. இனி என்னை இங்கேயிருந்து தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அதற்காக இதை எழுதவில்லை.

ஆஸ்பத்திரி வார்டில் என் பக்கத்துக் கட்டிலுக்குப் போன வாரம் ஒருத்தனைக் கொண்டுவந்து போட்டார்கள். பெயர் தேவராஜ். அல்வாலில் வீடு, நம் ஏஜென்சிதான், நம்ம ஆள், தமிழ் பேசுகிறான். முப்பத்தெட்டு வயசு. பெந்தெகொஸ்தே சபைக்காரன், பிறந்ததிலிருந்து குடியே தெரியாது. எட்டு வருஷம் துப்பாக்கியை பேங்கிலேயே பூட்டிவிட்டுக் கைவீசிக்கொண்டு வீட்டுக்குப் போனவன். நவம்பரில் இனி எடுத்துப்போ என்று சொல்லிவிட்டார்களாம். தினமும் சாயந்தரம் பெட்டியில் ஊதுவான், பச்சை விளக்கு எரியும், சல்யூட் அடித்துத் துப்பாக்கியைக் கையில் கொடுப்பார்கள். ஜனவரி இருபத்தொன்றாம் தேதியும் பச்சைதான் எரிந்தது. கரண்ட் பில் விஷயமாகப் பெண்டாட்டியோடு வாய்ச்சண்டை. துப்பாக்கி கைக்கெட்டின தூரத்தில் இருந்தது. அவ்வளவுதான் அவனுக்குச் சொல்லத் தெரிகிறது.

நான் அவனை ஏதும் கேட்கவில்லை. அவனாகவேதான் சொல்கிறான், திரும்பத் திரும்ப அதையே. "பேங்க்லயே வெச்சினு இருந்தேன் அண்ணே, நல்லாதான் இருந்தேன்" என்கிறான். சுவரில் தலையை முட்டிக்கொள்கிறான், அதனால்தான் இங்கே கொண்டுவந்து கட்டிப் போட்டிருக்கிறார்கள். செத்தவளுக்கு இருபத்தொன்பது வயசு. ஆறாவது படிக்கிற பெண் ஒன்று இருக்கிறது. அதுதான் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் சொன்னதாம்.

நான் செய்தது ஒன்று. அதற்கு நான் இங்கே இருக்கிறேன். இவனைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன், ராஜத்தின் முகம்கூட இப்போது வரமாட்டேன் என்கிறது, இவன் பெண்டாட்டியின் முகம்தான் வருகிறது. அவளை நான் பார்த்ததே இல்லை.

நேற்றுக் கொஞ்சம் தெளிந்திருந்தான். கஞ்சி குடித்தான். என் குடும்பத்தைப் பற்றி விசாரித்தான். ரயில்வேயில் ஒரு பையன் என்றேன். "பொண்ணு இல்லியா அண்ணே?" என்று கேட்டான்.

இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆரோக்கியசாமி